பத்தாவது கல்

ஏரியில் குடியிருந்த உயிர்கள் எல்லாம் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிப் பழகிய அந்தக் காலத்தில், ஆட்காட்டிக் குருவிக்கு ஆட்காட்டி என்கிற பேர் கிடையாது. அதில் பெண்ணின் குரல் எப்படி இருக்கும் என்றே யாருக்கும் தெரியாது. ஊமைக்குருவி என்றுதான் சொல்வார்கள். அதிலும் இந்தக் கதையில் வருகிற பெண்குருவியை ஊமைச்சி என்றே கூப்பிட்டார்கள். பிறந்தபோது வைத்த பேர் ஒன்று இருந்தது. கூப்பிட ஆள் இல்லாமல் அது மறந்துபோனது.

ஊமைச்சிக்கு வாய் இல்லாமல் இல்லை. கூட்டுக்குள் முட்டைகளோடு தனியாக இருக்கும்போது மெதுவாக என்னென்னவோ பேசிக்கொண்டிருப்பாள். நாலு பேர் பார்க்கிற இடம் என்றால் மட்டும் தொண்டையில் ஏதோ வந்து அடைத்துக்கொள்ளும். தலையைக் குனிந்து தன் கால்விரலைப் பார்த்தபடி நிற்பாள். அவள் புருஷன் நெட்டையன் அதற்கு நேர்மாறு. வாயை மூடத் தெரியாதவன். எனக்கும் சேர்த்து அவரே பேசிவிடுகிறார், பிறகு நான் எதற்கு என்று நினைத்துக்கொள்வாள். அதுவே பழகிவிட்டது.

அப்போது அவர்கள் மரத்தில்தான் கூடு கட்டினார்கள். கிளையைப் பிடித்து உட்காரக் காலின் பின்பக்கம் நீளமாக ஒரு விரல்கூட இருந்தது.

ஒரு வருஷம் கோடையில் பெருங்காற்று அடித்தது. ஏரிக்கரையில் இருந்த மரமெல்லாம் ஒரே பொழுதில் வேரோடு சாய்ந்துவிட்டது. நின்றது ஒரு புளியமரமும் அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு வேப்பமரமும்தான். வேம்பு கூடு தாங்காது. புளியிலும் கிளைகள் முறிந்து, நடுவில் கிளை பிரிகிற ஒரே ஒரு கவடு மிஞ்சியிருந்தது. ஆனால் நல்ல கவடு. கீரிக்கு எட்டாது. தண்ணீர்ப்பாம்பு ஏறாது. வெள்ளம் வந்தாலும் நனையாது.

மற்றப் பறவைகள் எல்லாம் வேறு ஏரி பார்த்துப் போய்விட்டன. பிறந்த ஏரியை விட்டுப்போக மனசில்லாமல் இரண்டு குடும்பம் நின்றது. ஒன்று ஊமைச்சியின் குடும்பம். இன்னொன்று வக்கா. சாம்பல் உடம்பும் குட்டைக் கழுத்தும் சிவந்த கண்ணுமாக இருக்குமே, அந்த வக்கா. இரண்டு பேருக்கும் அந்த ஒரு கவடு வேண்டியிருந்தது.

நியாயம் கேட்டு ஆமையிடம் போனார்கள். ஏரிக்கு எத்தனை வயசோ அத்தனை வயசு ஆமைக்கும் என்று பேச்சு.

ஆமை யோசித்துச் சொன்னது. "பத்து வருஷம் இவங்க இருக்கட்டும், அடுத்த பத்து வருஷம் அவங்க இருக்கட்டும். ஊமைச்சி வயித்துல முட்டை இருக்கு, அதனால அவ முதல்ல ஏறட்டும். வேம்பு பூக்கிறதை வச்சு எண்ணிக்கோங்க. வருஷத்துக்கு ஒரு கல்லு. ஆளாளுக்கு எடுத்து வச்சுக்கிட்டே வாங்க. பத்துக் கல்லு சேர்ந்ததும் இடம் மாறிக்கோங்க. சண்டை வேண்டாம்."

ஆமை இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே அதன் முதுகில் வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் வேம்பு பூத்திருந்தது.

ஊமைச்சி அந்தப் பூவைப் பார்த்தாள். இந்தப் பூவும் சேர்த்தியா, இல்லை அடுத்த வருஷப் பூவிலிருந்துதான் எண்ணணுமா என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்டுவிட வேண்டும் என்று கழுத்தை நீட்டினாள். ஆமை பார்த்தது, வக்கா பார்த்தாள், கரையில் மேய்ந்துகொண்டிருந்த செவலைப் பசுவும் நிமிர்ந்து பார்த்தது. தொண்டை அடைத்துக்கொண்டது. நெட்டையனை மட்டும் இறக்கையால் இடித்துக் காதோடு சொன்னாள்.

"அட, அதெல்லாம் பத்து வருஷம் கழிச்சு வர்ற பாடு," என்றான் நெட்டையன். "இப்ப நமக்கு இடம் கிடைச்சுதா இல்லையா, அதைப் பாரு."

ஊமைச்சி பேசாமல் இருந்துவிட்டாள். அன்றைக்கு அவள் கேட்காமல் விட்டது அந்த ஒரு கேள்விதான்.

மரத்தின் மேலே பத்து வருஷம் என்பது ஒரு மாதிரி போகும். மரத்தின் கீழே வேறு மாதிரி போகும்.

மேலே ஊமைச்சி வருஷா வருஷம் நாலு முட்டை வைத்தாள். நாலும் பொரிந்தன, நாலும் பறந்தன. அவள் ஒவ்வொரு வருஷமும் முடிந்து அடுத்த வேம்பு பூத்த பிறகுதான் ஒரு கூழாங்கல்லை எடுத்து மரத்தடியில் வைப்பாள். நல்லபடியாக ஒரு வருஷம் கழியும் முன்பே அதை எண்ணினால் கண் பட்டுவிடும் என்று பயம். குழந்தையின் எடையைச் சொல்லப் பயப்படுகிற மாதிரி.

கீழே வக்கா நாணலுக்குள் கூடு கட்டினாள். வேறு இடம் ஏது. முதல் வருஷக் குஞ்சுகளைத் தண்ணீர்ப்பாம்பு தின்றது. இரண்டாம் வருஷம் கீரி. மூன்றாம் வருஷம் ஏரி நிரம்பிக் கூடே மிதந்து போனது. அவள் கல் வைத்தது வேம்பு பூத்த உடனே. பங்காளி போலப் பூவோடு கூடவே வந்து நிற்கும் அந்த வருஷத்தின் முகத்தைப் பார்த்து, வந்துட்டியா, உன்னையும் கழிச்சிடுறேன் என்று சொல்வது போல முதல் நாளே கல்லைப் போட்டுவிடுவாள். முதல் கல்லை ஆமை தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே போட்டுவிட்டாள். காத்திருக்கிறவர்கள் அப்படித்தான் எண்ணுவார்கள்.

இரண்டு பேரும் ஒருவர் கல்லை ஒருவர் போய்ப் பார்த்ததில்லை.

வேம்பு மறுபடி மறுபடி பூத்தது. ஒரு நாள் காலையில் காற்றில் அந்த வாசனை வந்ததும் ஊமைச்சி இறங்கிவந்து தன் ஒன்பதாவது கல்லை வைத்தாள். இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று நினைத்தபடி மேலே ஏறி முட்டைகள் மேல் உட்கார்ந்தாள். நாலு முட்டை. பொரிவதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

அதே காலையில் வக்கா நாணலுக்குள் தன் பத்தாவது கல்லை வைத்துவிட்டு, புருஷனையும் கூட்டிக்கொண்டு மரத்தடிக்கு வந்து நின்றாள்.

"தங்கச்சி, கீழே வா. வேம்பு பூத்தாச்சு."

நெட்டையன்தான் எட்டிப் பார்த்தான். "பூத்தா என்னவாம்?"

"என்னவாமா? பத்து ஆச்சு. இடத்தைக் காலி பண்ணுங்க."

"ஒன்பதுதான் ஆச்சு. பத்து இன்னைக்குத்தான் பொறந்திருக்கு. அடுத்த வேம்புக்கு வா."

"நான் எண்ணாமலா வந்திருக்கேன்? என் கல்லு பத்து இருக்கு."

"எங்க கல்லு ஒன்பதுதான் இருக்கு. நாணல்ல கிடந்தா எண்ணக்கூட மறந்துபோகும் போல."

வக்காவின் கண் இன்னும் சிவந்தது. அவள் ஆமையைத் தேடிப் போனாள்.

பொழுது உச்சிக்கு வருவதற்குள் கரையில் கூட்டம் கூடிவிட்டது. ஆமை வந்தது. தவளைகள் வந்தன. நண்டுகள் வளையை விட்டு வந்தன. செவலைப் பசு அசைபோட்டுக்கொண்டே வந்து நின்றது. அது அப்போது நிறைசினை, வயிறு இரண்டு பக்கமும் தள்ளியிருந்தது. ஊமைச்சி முட்டைகளை இலையால் மூடிவிட்டு இறங்கிவந்து, புருஷனுக்குப் பின்னால் நின்றாள். ஒரு கண் கவட்டின் மேலேயே இருந்தது.

"கல்லைக் காட்டுங்க," என்றது ஆமை.

நெட்டையன் ஒன்பது கல்லைத் தள்ளி வைத்தான். "ஒவ்வொண்ணும் ஒரு முழு வருஷம். முடிஞ்ச வருஷம். குஞ்சு முட்டையை உடைச்சுக்கிட்டு வந்த அன்னைக்கே அதுக்கு ஒரு வயசுன்னு யாராவது சொல்லுவாங்களா? வருஷம் திரும்பினாத்தானே ஒரு வயசு?"

"ஆமாம்," என்றது ஒரு நண்டு. "அதுவும் சரிதான்."

வக்கா தன் பத்துக் கல்லையும் ஒவ்வொன்றாக வரிசையில் வைத்தாள். வைக்கும்போதே சொன்னாள். "இது பாம்பு தின்ன வருஷம். இது கீரி வந்த வருஷம். இது வெள்ளம். இது மறுபடியும் பாம்பு. இந்த வருஷம் ஒண்ணு மட்டும் பொரிஞ்சு, எட்டு நாள் இருந்துச்சு. இது கீரி. இதுவும் கீரி. இது என்ன ஆச்சுன்னே தெரியலை, காலையில பார்த்தேன், கூடு இருந்துச்சு, முட்டை இல்லை. இது பாம்பு." கடைசிக் கல்லை வைக்கும்போது கொஞ்சம் நின்றாள். "இது இன்னைக்கு வச்சது. இதுல இன்னும் எதுவும் நடக்கலை. நடக்கிறதுக்கு முந்தி நான் மேல ஏறணும்."

ஊமைச்சி அந்தக் கல்லையெல்லாம் பார்த்தாள். ஒன்பது வருஷமும் தன் காலுக்குக் கீழே இதுதான் நடந்ததா என்று அவளுக்கு உடம்பு கூசியது.

தவளை ஒன்று மெதுவாகச் சொன்னது. "எனக்கு ரெண்டு மழை பார்க்கிறதே பெரும்பாடு. பத்துக்குச் சண்டை போடுறாங்களே, கொடுத்து வச்சவங்க."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். ஆமை சிரிக்கவில்லை. அதற்கே தான் அன்றைக்கு என்ன நினைத்துச் சொன்னோம் என்று ஞாபகம் இல்லை. எந்தப் பூவிலிருந்து என்று அது யோசித்ததே இல்லை. அதை ஒத்துக்கொள்ள வெட்கம். "நீங்க எல்லாரும் என்ன சொல்றீங்க?" என்று கூட்டத்தைப் பார்த்துத் திருப்பிவிட்டது.

செவலைப் பசு அசைபோடுவதை நிறுத்தியது. "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கன்னை எத்தனை மாசம் சுமந்தேன்னு கேட்டா, பத்து மாசம்னுதான் சொல்லுவோம். பத்து முடியற வரைக்குமா வயித்துல வச்சிருக்கோம்? ஒன்பது முடிஞ்சு பத்து பொறந்தாலே கன்னு காலடியில வந்து நிக்குது. பத்து வந்தா பத்துதான். நான் யாருக்கும் பகையாச் சொல்லலை."

"அதைச் சொல்லுங்க," என்றன தவளைகள். சுமந்து பெறுகிறவள் சொல்லுக்கு மேல் யார் பேசுவது. ஆமைக்கும் பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைத்துவிட்டது.

நெட்டையனுக்குக் கோபம் தலைக்கேறியது. "அவ வயித்துக்கும் எங்க வருஷத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு வருஷம் முழுசா பாக்கி இருக்கு. ஒரு நாள்கூட முன்னாடி இறங்க மாட்டோம். நாணல்ல கூடு கட்டத் தெரியாம குஞ்சைப் பறிகொடுத்தவளுக்கு மேல இடம் கொடுத்தா மட்டும் வாழ்ந்துடப் போறாளா?"

ஊமைச்சி கவட்டை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வருஷம் யாருக்கு வேண்டும். பன்னிரண்டு நாள். பன்னிரண்டே நாள் போதும். அவள் புருஷனின் இறக்கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உதறிவிட்டான்.

வக்கா நெட்டையனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்ற ஊமைச்சியை எட்டிப் பார்த்தாள்.

"தங்கச்சி, நீ முன்னாடி வா. உன் புருஷன்கூட எனக்குப் பேச்சு இல்லை. மேல முட்டை இருக்கா?"

ஊமைச்சி தலையாட்டினாள்.

"எத்தனை நாள் வேணும்?"

ஊமைச்சி வாயைத் திறந்தாள்.

"சொல்லு. நானும் பெத்தவதான். இத்தனை நாள் கொடுங்கக்கான்னு உன் வாயால ஒரு வார்த்தை கேளு. அதுவரைக்கும் நான் நாணல்லயே இருந்துட்டுப் போறேன். பத்து வருஷம் இருந்தவளுக்கு அது ஒண்ணும் பெரிசில்லை. ஆனா நீதான் கேக்கணும்."

கரையே ஊமைச்சியைப் பார்த்தது. நண்டுகள் கண்ணைத் தூக்கிப் பார்த்தன. பசு பார்த்தது. ஆமை கழுத்தை முழுசாக நீட்டிப் பார்த்தது. பன்னிரண்டு நாள் அக்கா. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மனசுக்குள் அது தெளிவாக இருந்தது. நாக்கு நுனியில் நின்றது. தொண்டையில் அந்த அடைப்பு வந்தது. ஊமைச்சி தலையைக் குனிந்தாள். தன் கால்விரலைப் பார்த்தாள். பின்பக்கத்து நீள விரல் மண்ணில் கோடு இழுத்துக்கொண்டிருந்தது.

வக்கா காத்திருந்தாள். நிறைய நேரம் காத்திருந்தாள்.

"கேட்கக்கூட மனசு வரலை," என்றாள் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "பத்து வருஷம் மேல இருந்து பார்த்துப் பழகினவளுக்குக் கீழே இருக்கிறவகிட்ட வாய் திறக்கக் கௌரவம் இடம் கொடுக்கலை. சரி. என் பத்து ஆச்சு. நான் ஏறப் போறேன்."

"பேசாம இருந்தா சம்மதம்னுதான் அர்த்தம்," என்றது ஆமை, இந்த விஷயம் முடிந்தால் போதும் என்று. "பொழுது சாயறதுக்குள்ள இறங்கிடுங்க."

முட்டையை அலகில் கவ்வ முடியாது. ஒரு தாமரை இலையில் ஒவ்வொன்றாக உருட்டி வைத்து, இலையின் இந்த முனையை அவளும் அந்த முனையை அவனும் பிடித்துக்கொண்டு, நாலு தடவை இறங்கினார்கள். நெட்டையன் அப்போதும் ஏதோ திட்டிக்கொண்டேதான் வந்தான். வாயைத் திறந்தால் இலை நழுவும் என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

நாணலுக்குள் போக அவளுக்கு நெஞ்சு வரவில்லை. அந்தப் பத்துக் கல்லும் கண்ணுக்கு முன்னால் நின்றன. "வெட்டவெளியில வச்சிடலாம்," என்றான் நெட்டையன். "யார் வந்தாலும் தூரத்திலேயே தெரியும். சுதாரிச்சுக்கலாம்." ஏரி வற்றி வெடித்திருந்த பொட்டலில் ஒரு சின்னக் குழியைக் காலால் பறித்தார்கள். நாலு முட்டையையும் கூர்முனை உள்ளே பார்க்க வைத்தார்கள். ஊமைச்சி மரத்தடிக்குப் போய்த் தன் ஒன்பது கல்லையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து குழியைச் சுற்றி வைத்தாள். ஒன்பதும் வைத்த பிறகு ஒரு இடம் காலியாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெட்டையன் இரை தேடிப் போனான். வெயில் தாழ்ந்தது.

அந்தப் பொட்டல் வழியாகத்தான் செவலைப் பசு தினமும் பொழுது சாயும் நேரம் தண்ணீர் குடிக்க வரும். அது அதன் வழி. அந்த வழியை மரத்தில் இருந்தவர்கள் கவனித்ததே இல்லை. நடக்கிறவர்களுக்குத்தான் வழி தெரியும்.

பசு தூரத்தில் வருவதை ஊமைச்சி பார்த்தாள். எழுந்து நின்றாள். பசு மெதுவாகத்தான் வந்தது. நிறைசினை, வேகமாக நடக்க முடியாது. தாகத்தில் தண்ணீரையே பார்த்தபடி வந்தது. பத்தடி. எட்டடி. பார்த்து வா அக்கா, கீழே முட்டை இருக்கு. இதைச் சொன்னால் போதும். பசு நின்றுவிடும். நல்ல பசு, யாருக்கும் தீங்கு நினைக்காதது. ஊமைச்சி வாயைத் திறந்தாள். இப்போது பார்க்க நாலு பேர்கூட இல்லை. இரண்டே பேர்தான். ஆனால் தொண்டைக்கு அது தெரியவில்லை. இத்தனை வருஷம் அடைத்துப் பழகிய தொண்டை அன்றைக்கும் அடைத்துக்கொண்டது. அவள் இறக்கையை மட்டும் அடித்தாள். பசு அதைக் காற்று என்று நினைத்திருக்கும்.

முன்னங்கால் குழிக்குள் இறங்கியது. ஓடு நொறுங்குகிற சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான்.

அப்போதுதான் ஊமைச்சியின் குரல் வந்தது.

யாரும் கேட்டிராத குரல். ஏரியின் இந்தக் கரையில் கத்தியது அந்தக் கரை வரைக்கும் போனது. தவளைகள் தண்ணீரில் குதித்தன. பசு மிரண்டு காலைப் பின்னுக்கு எடுத்தது. மேலே கவட்டில் இன்னும் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த வக்கா குச்சியைக் கீழே போட்டாள்.

பசு குனிந்து பார்த்தது. இரண்டு முட்டை கூழாகிக் கிடந்தன. இரண்டு தப்பியிருந்தன. பசுவின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"தாயி, இவ்வளவு குரல் இருக்கே உனக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

ஊமைச்சி கத்திக்கொண்டே இருந்தாள். ஆமை கேட்டபோது சொல்லாதது, வக்கா கேட்டபோது சொல்லாதது, பசு வந்தபோது சொல்லாதது எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. அதில் வார்த்தை எதுவும் இல்லை. வார்த்தைக்கான நேரம் போய்விட்டது. நெட்டையன் ஓடிவந்தான். முட்டையைப் பார்த்தான், பெண்சாதியைப் பார்த்தான். வாழ்நாளில் முதல் தடவையாக அவனுக்குப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. அவனும் சேர்ந்து கத்தினான்.

அழுது அழுது அவள் கண்ணைச் சுற்றிச் சிவந்தது. அந்தச் சிவப்பு போகவே இல்லை.

பன்னிரண்டாம் நாள் மிஞ்சிய இரண்டும் பொரிந்தன. பிறந்ததிலிருந்து அவை கேட்டது அந்தக் கத்தலைத்தான். அவையும் அதையே கற்றுக்கொண்டன. மரத்தைப் பார்க்கக்கூட இல்லை. கிளையைப் பிடிக்கிற விரல் தேய்ந்து தேய்ந்து இருக்கிற இடம் தெரியாமல் சின்னதாகிவிட்டது.

வக்காவுக்குக் கவடு கிடைத்தது. குஞ்சுகளும் பொரிந்தன, பிழைத்தன. ஆனால் பகலில் இறங்கினால் அந்தப் பொட்டலைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும். அதைப் பார்க்க அவளால் முடியவில்லை. பகலெல்லாம் கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருப்பாள். பொழுது இருட்டிய பிறகுதான் இரை தேடப் போவாள். இன்றைக்கும் வக்கா அப்படித்தான்.

பத்து என்பது பத்து பிறந்தாலா, பத்து முடிந்தாலா என்று பிறகு எத்தனையோ பேர் ஆமையிடம் போய்க் கேட்டார்கள். கேட்ட உடனே அது தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். இதுவரைக்கும் பதில் சொல்லவில்லை.

ஊமைச்சி என்கிற பேரும் அத்தோடு போயிற்று. ஏரிக்கரையில், உழுத வயலில், பொட்டலில், எங்கே ஒரு ஆள் தலை தெரிந்தாலும் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துகிறதே ஒரு குருவி, வெறும் தரையில் முட்டை வைத்து, இன்னும் ஒரு கல் குறைகிறது என்கிற மாதிரி கூழாங்கல்லாகப் பொறுக்கிப் பொறுக்கி அதைச் சுற்றி வைக்கிறதே, அது ஆட்காட்டி ஆனது ஒரு வார்த்தை சொல்லப் பிந்திப்போன அந்தச் சாயங்காலம் முதல்தான்.